மார்கழியில் பேசிய விலை

வண்டி வாங்கிட்டோம். சரக்கு ஏத்துற பிக்கப். வெள்ளை நிறம், மஞ்சள் போர்டு, ஒன்றேகால் டன் தாராளமா இழுக்கும். எங்க ஊருக்குள்ள வண்டி நுழைஞ்ச அன்னைக்கே பதினோரு பேர் வந்து பார்த்தாங்க. பதினோரு பேரும் கேட்டது ஒரே கேள்வி, "என்ன விலைக்கு முடிச்ச?" மைலேஜ் எவ்வளவு, சர்வீஸ் எங்கன்னு ஒருத்தரும் கேட்கல. விலையைச் சொன்னதும் பதினோரு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னாங்க, "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பேசியிருக்கலாம்." நான் பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. ஊர் வழக்கம் அது.

நாங்க இருக்கிறது ஒட்டன்சத்திரத்துல இருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே. தக்காளி, முருங்கை, கொஞ்சம் கத்தரி. எல்லாச் சரக்கும் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குத்தான் போகணும். அங்கிருந்து பெரும்பாலும் கேரளாவுக்கு லாரி ஏறிடும். நகரத்துல இருக்கிற உங்களுக்கு மார்க்கெட்டுன்னா வாங்கப் போற இடம், எங்களுக்கு விற்கப் போற இடம். அங்கே நேரம்தான் விலை. லாரிக்காரங்க லோடு நிரப்புற வரைக்கும் ஒரு விலை, நிரப்பி முடிச்சுட்டா வேற விலை.

போன ஆனி மாசம் ஒரு முகூர்த்த நாள். 62 பெட்டி தக்காளி பறிச்சு, தோட்டத்து ஓரத்துல வேப்பமரத்தடியில அடுக்கி வெச்சுட்டுக் காத்திருக்கோம். ஒரு பெட்டி 14 கிலோ. வழக்கமா வர்ற வாடகை வண்டிக்காரரு கல்யாண வீட்டுச் சாமான் ஏத்தப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கொடுக்கிறது 900, அங்கே ரெண்டாயிரம் கிடைக்குது. அவரு வந்து சேர்ந்து, நாங்க மார்க்கெட்டுக்குப் போனப்போ லாரிகள்ல தார்ப்பாய் கட்டிட்டு இருந்தாங்க. முன்னாடி போனவங்களுக்கு பெட்டி 180. எனக்கு 110. ஒரே நாள், ஒரே தக்காளி. 4,340 ரூபா போச்சு. திரும்பி வர்றப்போ வண்டியில யாரும் பேசல. அந்த ராத்திரிதான் வீட்டுக்காரி சொன்னா, "ஏனுங்க, இன்னும் எத்தனை வருசத்துக்கு அடுத்தவன் வண்டியோட சத்தத்துக்குக் காது கொடுத்துட்டு உக்காந்திருக்கிறது?"

எங்க மக கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்குறா. அவகிட்ட சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தவ நோட்டைப் பிரிச்சுக் கணக்குப் போட்டா. வருசத்துக்கு 160 நடை, நடைக்கு 900, மொத்தம் 1,44,000 வாடகை. சொந்த வண்டின்னா தவணை மட்டுமே அதைத் தாண்டிடும், அப்புறம் டீசல், இன்சூரன்ஸ், எப்.சி., டயர். "கணக்குப்படி வாடகை வண்டிதாம்பா லாபம்"னுட்டா. எனக்கு முகம் விழுந்துபோச்சு. கொஞ்ச நேரம் பொறுத்து அவளே, "உங்க 62 பெட்டி மாதிரி வருசத்துக்கு எத்தனை தடவை நடக்குது?"ன்னு கேட்டா. எண்ணிப் பார்த்தோம். ஏழெட்டுத் தடவை. அக்கம்பக்கத்துத் தோட்டத்துச் சரக்கையும் ஏத்தினா தேறிடும்னு முடிவாச்சு. லாபம்னு சொல்ல முடியாது. தேறிடும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் திண்டுக்கல் போய் ஒரு ஷோரூம்ல கொட்டேஷன் வாங்கினேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம்னு இங்கே எழுதல, அது தேவையும் இல்ல. வண்டி விலை மட்டும் 8,96,000. ஒரு பையன் தான் எல்லாம் விளக்கினான். இருபத்தஞ்சு வயசு இருக்கும். தொப்பம்பட்டிப் பக்கம் ஊரு, அவங்க அப்பாவும் விவசாயம். இதைவிடப் பெரிய வண்டி ஒண்ணும் காட்டினான். நான் வேண்டாம்னேன். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்ல. அதனாலதான் பல பிக்கப் வண்டிகளோட எடை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிக்குது. என்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு. அதுவே போதும். 7500 கிலோவுக்குக் கீழே இருக்கிற சரக்கு வண்டியை சாதாரண இலகுரக லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொல்லியிருக்காங்க. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. பத்தாவதோட நின்னவன் நான், கேட்கக் கூச்சப்படுறதில்ல.

முன்பணம் கட்டலாம்னு இருந்தப்போ சுதந்திர தினப் பேச்சுல பிரதமர் ஜி.எஸ்.டி. குறையப் போகுதுன்னு சொன்னாரு. மக போன் பண்ணி, "அப்பா, ஒத்த ரூபா கட்டாதீங்க"ன்னா. செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வண்டிக்கு 28 சதவீதம் 18 ஆச்சு.

இங்கே நான் ஒரு அசட்டுத்தனம் பண்ணினேன். 28 போய் 18, அப்போ பத்து சதவீதம் குறையணும். 8,96,000-ல பத்து சதவீதம் 89,600. புது கொட்டேஷன்ல 8,26,000-ன்னு போட்டிருந்தாங்க. எழுபதாயிரம்தான் குறைஞ்சிருக்கு. மீதி பத்தொன்பதாயிரத்தை முழுங்கிட்டாங்கன்னு ஷோரூம்ல போய் நின்னு சத்தம் போட்டுட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. அந்தப் பையன் கோபப்படல. ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, "அண்ணா, வரி போடுறதுக்கு முன்னாடி வண்டி ஏழு லட்சம். அதுக்கு 28 போட்டா 8,96,000. 18 போட்டா 8,26,000. வரி ஏழு லட்சத்துக்குத்தான், எட்டு தொண்ணூத்தாறுக்கு இல்லைங்கண்ணா"ன்னு எழுதிக் காட்டினான். சரியாத்தான் இருந்துச்சு. காப்பி வாங்கிக் கொடுத்தான். குடிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுல இதைச் சொல்லல. இப்போ இங்கே எழுதிட்டேன், இனி மக படிச்சுட்டுச் சிரிப்பா.

தீபாவளி சமயத்துல ஷோரூம்ல நிக்க இடமில்ல. வரி குறைஞ்சிடுச்சுன்னு எல்லாரும் ஒண்ணா வந்துட்டாங்க. தள்ளுபடின்னு வாயைத் திறந்தாலே, "புக்கிங் போடுறீங்களா இல்லையா"ங்கிற மாதிரி பார்க்குறாங்க. நான் பேசாம வந்துட்டேன். எங்க அப்பா நினைப்பு வந்துச்சு.

எனக்குப் பதிமூணு வயசு இருக்கும். அப்பாகூட மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கேன். உங்கள்ல பலர் பார்த்திருக்க மாட்டீங்க. அங்கே விலையை வாயால பேச மாட்டாங்க. தரகர் ஒரு துண்டை எடுத்து ரெண்டு பேர் கையையும் மூடிக்குவாரு. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு அழுத்துறதுதான் விலை. எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறாங்கங்கிறதுல எல்லாம் அடங்கிடும். சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. முகத்துலயும் காட்டக் கூடாது. அப்பா முகம் அப்போ கல்லு மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி மாட்டோட வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துடுச்சா. விற்கிறவன் சொல்ற வயசை அவரு காதுலயே வாங்க மாட்டாரு. ஒத்து வரலைன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போய் டீக்கடையில உக்காந்துடுவாரு. பாதி நேரம் தரகர் பின்னாடியே வருவாரு. மீதி நேரம் வர மாட்டாரு, வெறுங்கையோட நடந்து பஸ் ஏறுவோம். அந்த வெறுங்கையோட திரும்பற தைரியம் எனக்கு எப்பவும் இருந்ததில்ல. கடைக்குப் போனா எதையாவது வாங்கிட்டுத்தான் வருவேன்.

அதனால மார்கழிக்காகக் காத்திருந்தேன். மார்கழியில எங்க பக்கம் யாரும் புது வண்டி எடுக்க மாட்டாங்க. ஷோரூம்ல ஈ ஓட்டுவாங்க. வருசக் கடைசி வேற. டிசம்பர் 31-க்குள்ள கணக்கு முடிக்கணும்னு அவங்களுக்கு அவசரம். வண்டி எடுக்கத்தான் மார்கழி ஆகாது, விலை பேச அதைவிட நல்ல மாசம் இல்ல.

டிசம்பர் 22-ம் தேதி நானும் வீட்டுக்காரியும் போனோம். அதே பையன். யார்டுல நின்ன வண்டியைக் காட்டினான். நான் முதல் வேலையா டயர்கிட்ட குத்த வெச்சு உக்காந்தேன். டயர் பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். இதுல 2625. அதாவது 2025-ம் வருசம் இருபத்தாறாவது வாரம், ஜூன் கடைசி. அப்புறம் சேஸ் நம்பரைப் பார்த்துக் கேட்டேன். பத்தாவது எழுத்து எஸ். 2025-க்கு அதுதான். மாசம் என்னன்னு அவனே சொல்லிட்டான், ஜூலை. அஞ்சு மாசமா வெயில்லயும் மழையிலயும் நிக்குற வண்டி. "தம்பி, இன்னும் பத்து நாள் போனா இது போன வருச வண்டி. அப்புறம் இதை யாருப்பா இந்த விலைக்குக் கேட்பான்?"ன்னேன். பையன் முகத்துல சிரிப்பு வந்துச்சு. "பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டீங்கண்ணா"ன்னான். விவசாயி வீட்டுப் பையன்தான், சந்தேகமில்ல.

அது வரைக்கும் எல்லாம் சரியா நடந்துச்சு. அப்புறம் நானே கெடுத்துட்டேன். பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், பானெட்டைத் தடவினேன், ஓட்டுறவர் சீட்டுல ஏறி உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சேன், ஒருதரம் ஹாரன் அடிச்சேன். இறங்கறப்போ வீட்டுக்காரி முதுகுல கிள்ளினா. "கன்னுக்குட்டியத் தடவுற மாதிரி தடவுறீங்க, இனி எப்படிக் குறைப்பான்?" காதோரமா சொன்னதுதான், ஆனா அவனுக்கும் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் பேச்சை அவளே எடுத்துக்கிட்டா. எனக்கு அது ஒரு விதத்துல நிம்மதி.

மொத்த விலைச் சீட்டு 9,46,000. வண்டி 8,26,000, இன்சூரன்ஸ் 52,000, பதிவும் ரோடு டாக்ஸும் 36,000, கூடுதல் சாமான் 17,500, கூடுதல் வாரண்டி 8,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. வீட்டுக்காரி கடைசியில இருந்து ஆரம்பிச்சா. "இந்த ஹேண்ட்லிங்னா என்ன தம்பி?" வண்டியை இறக்கி, கழுவி, யார்டுல வைக்கிற செலவாம். "நாங்க தக்காளியை இறக்கி அடுக்கறதுக்கும் இப்படிப் போட்டா யார் கொடுப்பாங்க?" அவன் மேனேஜர் அறைக்குப் போய் வந்து 6,500-ஐ அடிச்சுட்டான். இதைப் பெரிய வெற்றின்னு நினைச்சேன். மக பின்னாடி சொன்னா, கேட்கிறவங்க எல்லாருக்கும் அதை எடுத்துடுவாங்களாம். எடுக்கறதுக்குன்னே போட்டு வைக்கிறது.

கூடுதல் சாமான்னா சீட் கவர், மேட், மட் பிளாப், தார்ப்பாய், கயிறு. அந்தத் தார்ப்பாயை நான் விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன், ஒரு மழைக்குத் தாங்காது. எல்லாத்தையும் வேண்டாம்னுட்டோம். பிறகு வெளியில நல்ல தார்ப்பாயா, கயிறு, சீட் கவரோட சேர்த்து 6,800-க்கு முடிஞ்சது. மேட்டும் மட் பிளாப்பும் அவனே இனாமாப் போட்டுக் கொடுத்தான். வாரண்டியை மட்டும் எடுக்கல, வெச்சுக்கிட்டேன். டீசல் வண்டியில பம்ப்பு, இன்ஜெக்டர் கெட்டா என்ன செலவாகும்னு டிராக்டர்ல பட்டவன் நான்.

இன்சூரன்ஸ்ல ரெண்டு பாகம் உண்டு. நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான பாகம் அரசாங்கம் வெச்ச தொகை, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதேதான். நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான பாகத்துலதான் விளையாட்டே. ஷோரூம்லதான் போடணும்னு சட்டம் எதுவும் இல்ல. எங்க ஊர்ப் பக்கத்து ஏஜெண்ட் அதே வண்டிக்கு, அதே மதிப்புக்கு 39,500-ன்னாரு. அந்தச் சீட்டைக் காட்டினதும், "நாங்களே இதே தொகைக்குப் போட்டுத் தர்றோம்"னாங்க. அப்போ அந்தப் பன்னெண்டாயிரத்து ஐந்நூறு யாருக்குப் போக இருந்துச்சு? நான் கேட்கல.

ஆனா உண்மையில பெரிய ஓட்டை வேற இடத்துல இருந்துச்சு. வண்டி விலையில அஞ்சாயிரம் பத்தாயிரத்துக்கு மல்லுக்கட்டிட்டு நான் அதைப் பார்க்காமயே போயிருப்பேன். ஆறு லட்சம் கடன். ஷோரூம்லயே ஒரு பைனான்ஸ்காரர் மேசை போட்டு உக்காந்திருப்பாரு. "வட்டி வெறும் ஆறரைதாங்க சார், ஒரு மணி நேரத்துல அப்ரூவல்"னாரு. நகைக் கடன் வெச்சிருக்கிற பேங்க்ல போய்க் கேட்டா 9.75 சொல்றாங்க. ஆறரை எங்க, ஒம்பதே முக்கால் எங்க? நான் ஆறரைக்கே கையெழுத்துப் போடத் தயாராயிட்டேன். வீட்டுக்காரிதான் மகளுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சா.

"அப்பா, அது பிளாட்டா, குறையும் வட்டியா? கேளுங்க."

கேட்டேன். பிளாட். அப்படின்னா அஞ்சு வருசமும் முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி போட்டுக்கிட்டே இருப்பாங்க. நாலாவது வருசம் நாம பாதிக்கு மேல அடைச்சிருந்தாலும் அதே வட்டி. அறுபது மாசத் தவணை 13,250. பேங்க்ல பாக்கி இருக்கிற பணத்துக்கு மட்டும்தான் வட்டி. 9.75-க்குத் தவணை 12,674. மாசம் 576 ரூபா வித்தியாசம், அறுபது மாசத்துக்கு 34,560. அந்த ஆறரைங்கிறது பேங்க் கணக்குல பார்த்தா பதினொண்ணே முக்காலுக்குக் கிட்ட வருதாம். எங்க தோட்டத்து 62 பெட்டி விவகாரத்தை எட்டுத் தடவை நடத்துற காசு அது. நீங்க எல்லாம் படிச்சவங்க, உங்களுக்கு இது சின்ன விஷயமா இருக்கலாம். எங்க ஊர்ல டூவீலர்ல இருந்து டிராக்டர் வரைக்கும் "ஆறு, ஏழுதான் வட்டி"ன்னு நம்பித்தான் எடுக்குறாங்க. நான் எடுத்த டிராக்டரும் அப்படித்தான்னு இப்போதான் புரியுது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க மகளை விடல.

வண்டி விலையில தள்ளுபடி முதல்ல 25,000 சொன்னாங்க. வீட்டுக்காரி எழுந்துட்டா. எங்க அப்பா துண்டை உதறுற மாதிரியே முந்தானையை உதறிச் சொருகிட்டு, "வாங்க போலாம், தை பொறந்து பார்த்துக்கலாம்"னா. நான் பாதி எழுந்து பாதி உக்காந்து நின்னேன். உண்மையாவே கிளம்பி பஸ் ஸ்டாண்டு வந்துட்டோம். ஒட்டன்சத்திரம் தாண்டற வரைக்கும் போன் வரல. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அவ ஜன்னலோரமா தூங்கிட்டா. மறுநாள் காலையில பதினொரு மணிக்குப் போன். 40,000.

31-ம் தேதிக்குள்ள பில் போட்டுக்கலாம், டெலிவரி மட்டும் தை பொறந்த பிறகுன்னு பேசி 29-ம் தேதி மறுபடி போனோம். பேங்க்ல எல்லாம் தயார். கையெழுத்துப் போடப் போற நேரம் வீட்டுக்காரி, "இன்னொரு நாலாயிரம் குறைச்சுக்கோ தம்பி, 44-ஆ இருக்கட்டும். வண்டிப் பூசைக்கு ஆகும்"னா. பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அக்கா, மேனேஜர் இதுக்கு மேல ஒரு ரூபா கொடுக்க மாட்டாரு. இனி கொடுத்தா என் இன்சென்டிவ்ல இருந்துதான் கொடுக்கணும்"னான்.

தரகுக்காரங்க எல்லாரும் கடைசியில சொல்ற வார்த்தை இது. சந்தையில கேட்டிருக்கேன், "என் தரகுல இருந்து போடுறேங்க"ன்னு. நூறு தடவையில தொண்ணூத்தொன்பது பொய். நான் சிரிச்சுக்கிட்டே, "சரி, அதுல இருந்தே கொடு தம்பி"ன்னேன். அவனும் சிரிச்சான். 44,000 ஆச்சு.

கடைசிக் கணக்கு 8,65,500. ஆறு லட்சம் பேங்க், மீதி 2,65,500-க்குச் சீட்டு எடுத்த பணம், ஒரு கறவை மாடு வித்த பணம், கொஞ்சம் கைமாத்து.

தை ரெண்டாம் வாரம் வண்டி வந்துச்சு. எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைச்சு, மாலை போட்டு ஊருக்குக் கொண்டு வந்தோம். மூணாம் நாள் முதல் லோடு, 70 பெட்டி தக்காளி. சாயங்காலம் மூணு மணிக்கெல்லாம் மார்க்கெட்டுக்குள்ள நின்னேன். யாருக்காகவும் காத்திருக்கல. எங்க கமிஷன் கடையில பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தாங்க, ஏலம் போச்சு. பெட்டி 160. "சரிங்க"ன்னேன். கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி கழிச்சுச் சீட்டு எழுதினாங்க. வாங்கி மடியில வெச்சுட்டு வந்து வண்டியில ஏறினேன். அன்னைக்கு வீட்டுக்காரியும் வண்டியில வந்திருந்தா, முதல் லோடாச்சேன்னு. சாவியைத் திருப்பறப்போ கேட்டா, "வண்டிக்கு நாலு மாசம் பேசினோம். இதுக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல நீங்க?"

என்ன பேசறது? 8,26,000 வண்டியை யார்டுல ஆறு மாசம் நிறுத்தி வைக்கலாம், அஞ்சு பேர் வேண்டாம்னு போனாலும் ஆறாவது ஆள் வருவான். சாயங்காலம் பறிச்ச தக்காளி காலையில வரைக்கும் என்ன சொல்லிட்டு நிக்கும்? முப்பது வருசமா "சரிங்க"ன்னுதான் சொல்லிட்டு இருக்கேன். வண்டியை ஓட்டிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் முதல் சர்வீஸ் விஷயமாக் கேட்க ஷோரூம் போனேன். பையனைக் காணோம், லீவு. வாசல்ல இருக்கிற டீக்கடையில நின்னேன். அங்கே கூட வேலை பார்க்கிற இன்னொரு பையன் இருந்தான். பேச்சுவாக்குல, "உங்க வண்டியிலதாண்ணா அவனுக்கு நாலாயிரம் போச்சு. வருசக் கடைசி டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைஞ்சுது, அதனால விட்டுக் கொடுத்துட்டான்"னான். விளையாட்டாத்தான் சொன்னான். எனக்கு டீ இறங்கல.

பொய்யின்னு நினைச்சுட்டேன். நூத்துல ஒண்ணு நிஜமும் உண்டுங்கிறதை மறந்துட்டேன். ராத்திரி அவனுக்குப் போன் பண்ணினேன். "தம்பி, அந்த நாலாயிரத்தை அனுப்பிடறேன்"னு சொன்னா, "ஐயோ அண்ணா, அதெல்லாம் வேண்டாம். டார்கெட் முடிஞ்சதுல எனக்கு வர வேண்டியது வந்துடுச்சு"ங்கிறான். உண்மையாவே வந்துச்சா, இல்ல எனக்காகச் சொல்றானான்னு தெரியல. துண்டுக்குள்ள விரல் இருந்தாலாவது அழுத்திப் பார்த்திருக்கலாம். முருங்கைக்காய் ஒரு கட்டு எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன், வாங்கிக்கிட்டான். அவங்க வீட்டுலயே ஒரு ஏக்கர் முருங்கை இருக்காம்.

இப்போ மச்சான் ஒருத்தன் வண்டி எடுக்கணும்னு கிளம்பியிருக்கான். அந்தப் பையன்கிட்டயே அனுப்பறேன். டயர் நம்பரைப் பாரு, இன்சூரன்ஸுக்கு வெளியில சீட்டு வாங்கிட்டுப் போ, வட்டின்னா பிளாட்டான்னு கேளு, ஹேண்ட்லிங்கை அடிச்சுடுன்னு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கடைசியா, "எல்லாம் பேசு, ஆனா அந்தக் கடைசி நாலாயிரத்தை மட்டும் விட்டுடு"ன்னேன்.

மச்சான் என்னையே பார்த்தான். "அது சரி மாமா, எது கடைசி நாலாயிரம்னு அவன் நெத்தியிலயா எழுதியிருக்கும்? எனக்கு எப்படித் தெரியும்?"

வியாழக்கிழமை போறான். நானும் கூடப் போறேன்.